சர்க்கரை நோய் ஒன்றா, நான்கா? கம்ப்யூட்டர் பிரித்த குழுக்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

வைகைக்கரை | செவ்வாய், இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு சர்க்கரைக்காரர்கள். ஒருவர் அப்பா, இன்னொருவர் அவருடைய அக்கா, அதாவது எங்கள் அத்தை. அத்தைக்கு 22 வருடமாகச் சர்க்கரை. நல்ல கனமான உடம்பு, கல்யாண வீட்டில் பாயசத்தை வேண்டாம் என்று அவர் சொல்லி யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் மெட்ஃபார்மின் ஒன்றோடு வண்டி ஓடுகிறது, கண், கிட்னி எதுவும் கெடவில்லை. அப்பா ஒல்லி. 58 கிலோவைத் தாண்டியதே இல்லை. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பார், டீயில்கூட இனிப்பு கிடையாது. நோய் வந்து ஏழு வருடத்தில் மூன்று மாத்திரை ஆகிவிட்டது, மூன்று மாதச் சராசரி 9.4, போன மாதம் கண் டாக்டர் விழித்திரையில் கசிவு ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். "நான் என்னடா தப்புப் பண்ணினேன்" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

தேடிப் படித்ததில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. டைப் 2 என்று நாம் சொல்வது ஒரே நோய் இல்லையாம், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் டேட்டாவைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் நான்கைந்து குழுக்களாகப் பிரிகிறதாம், ஒவ்வொரு குழுவுக்கும் வரும் சிக்கல் வேறாம். அப்பாவும் அத்தையும் ஏன் இப்படி என்பதற்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் எந்த முறையில் பிரித்தார்கள் என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கே-மீன்ஸ்.

நான் சென்னையில் அனலிடிக்ஸ் வேலை பார்க்கிறேன். கடைக்கு வரும் வாடிக்கையாளர்களை இதே கே-மீன்ஸ் வைத்துத்தான் பிரிப்போம். எத்தனைக் குழு? நான்கு. ஏன் நான்கு? மேனேஜருடைய ஸ்லைடில் நான்கு பெட்டிதான் இருக்கிறது. ஐந்து என்று கேட்டிருந்தால் ஐந்து கொடுத்திருப்போம், பெயரும் வைத்திருப்போம். அதே கருவியை வைத்து மனிதர்களின் நோயைப் பிரித்தால் எப்படி நம்புவது? துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.


சராசரிக்கு மேலே | செவ்வாய், இரவு 11.30

நல்ல கேள்வி. நான் புள்ளியியல் ஆள், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கே-மீன்ஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதற்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெரினாவில் நிற்கிற கூட்டத்தின் வயதையும் உயரத்தையும் கொடுத்து நான்காகப் பிரி என்றால், அங்கே பிரிவு என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்காமல் நான்காகப் பிரித்துக் கொடுத்துவிடும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மையம், யாருக்கு எந்த மையம் பக்கமோ அங்கே போ, மையத்தைத் திரும்பக் கணக்கிடு, யாரும் இடம் மாறாத வரைக்கும் இதையே செய். அவ்வளவுதான் மொத்த மந்திரமும்.

ஆனால் நீங்கள் படித்த ஆராய்ச்சி உங்கள் மேனேஜர் ஸ்லைடு அளவுக்கு மோசம் இல்லை. ஆரம்பித்தது 2018இல் சுவீடனில். தெற்கே ஸ்கோனே மாகாணத்தில் புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 8,980 பேரை எடுத்தார்கள். ஆறு அளவுகள்: நோய் தெரிந்த வயது, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு), எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), காட் ஆன்டிபாடி (கணையத்தை உடம்பே தாக்குகிறது என்பதற்கு அடையாளம், டைப் 1இல் வருவது), கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது, சுரக்கும் இன்சுலினுக்கு உடம்பு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது. கடைசி இரண்டும் நேரடி அளவு இல்லை, வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சி-பெப்டைடையும் (இன்சுலினோடு சேர்ந்து வெளிவரும் ஒரு துண்டு) ஒரு மாடலில் போட்டு எடுப்பது. காட் பாசிட்டிவ் ஆனவர்களை முதலிலேயே தனியாக வைத்துவிட்டு, மீதிப் பேரை ஆண் பெண் தனித்தனியாக ஓட்டினார்கள். எத்தனைக் குழு என்பதை சில்லவெட் என்கிற அளவை வைத்து முடிவு செய்தார்கள், அதாவது ஒருவர் தன் குழுவோடு எவ்வளவு நெருக்கம், பக்கத்துக் குழுவிலிருந்து எவ்வளவு தூரம் என்கிற கணக்கு. நான்கு வந்தது. ஏற்கெனவே எடுத்து வைத்ததோடு ஐந்து.

அப்புறம்தான் முக்கியமான வேலை. பிரிக்கும்போது கிட்னி, கண் பற்றிய எந்தத் தகவலையும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கவில்லை. பிரித்து முடித்த பிறகு பல வருட ரெக்கார்டைத் திறந்து பார்த்தால், இன்சுலின் எதிர்ப்பு அதிகமான குழுவில் கிட்னி பாதிப்பு தூக்கலாக இருந்தது, இன்சுலின் சுரப்பு குறைந்த குழுவில் விழித்திரை பாதிப்பு. காட்டாத விடைத்தாளோடு விடை ஒத்துப்போனது. உங்கள் வாடிக்கையாளர் குழுக்களுக்கு இந்தச் சோதனை வைத்ததுண்டா?


ஜீனோம் குமரன் | புதன், காலை 7.15

நம் ஊர்க் கதையை விட்டுவிட்டீர்களே சார். 2020இல் சென்னையிலிருந்தே ஒரு ஆய்வு வந்தது, டாக்டர் மோகனின் நீரிழிவு மையங்களும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் ஸ்காட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. 9 மாநிலங்களில் உள்ள அவர்களது கிளினிக்குகளுக்கு வந்த 19,084 டைப் 2 நோயாளிகள். சுவீடன் அளவுகளை அப்படியே எடுக்காமல் இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு, எச்டிஎல் என்கிற ரத்தக் கொழுப்பு அளவுகள், வெறும் வயிற்றில் ஒன்றும் உணவுக்குப் பிறகு ஒன்றுமாக இரண்டு சி-பெப்டைடு எல்லாம் சேர்த்தார்கள்.

இங்கேயும் நான்கு குழுதான், ஆனால் அதே நான்கு இல்லை. வயதான பிறகு வரும் சாதுவான வகை 35.8 சதவீதம். இன்சுலின் சுரப்பே கடுமையாகக் குறைந்த வகை 26.2 சதவீதம், சுவீடனில் இது 17.5தான். பருமனோடு இன்சுலின் எதிர்ப்பு 25.9. நான்காவது இங்கே புதிதாக வந்தது: சுரப்பும் குறைவு, சுரக்கிற கொஞ்சமும் வேலை செய்யவில்லை, இரண்டு பக்கமும் அடி. அது 12.1 சதவீதம். விழித்திரைக்கு அதிக ஆபத்து சுரப்பு குறைந்த குழுவுக்கு, கிட்னிக்கு அந்த இரண்டு பக்க அடி வாங்கிய குழுவுக்கு.

இடுப்பளவை ஏன் சேர்த்தார்கள் என்றால், பிஎம்ஐ நம்மவர்களிடம் பொய் சொல்லும். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்து 2004இல் வெளியிட்ட ஒரு படம் பிரசித்தம். இருவருக்கும் பிஎம்ஐ அச்சாக 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பிஎம்ஐயை மட்டும் கொடுத்தால் கம்ப்யூட்டருக்கு இரண்டு பேரும் ஒரே ஆள்.

வைகைக்கரை, உங்கள் அப்பா விவரத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றிய குழு எதுவென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.


வெந்தயம்77 | புதன், காலை 8.02

நான்கு வகை என்றால் நான்கு வகை மாத்திரை விற்கலாம். எல்லாம் கம்பெனிக்காரன் வேலை. எங்கள் தாத்தா 90 வயது வரை வெந்தயத் தண்ணீர் குடித்தே இருந்தார்.


சென்ட்ரிஃபியூஜ் செல்வி | புதன், மதியம் 1.20

வெந்தயம் சார், தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்று யாராவது டெஸ்ட் பண்ணினார்களா? சும்மா கேட்டேன்.

நான் 16 வருடமாக லேபில் இருக்கிறேன். எல்லோரும் குழு, மையம் என்று பேசுகிறீர்கள், அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று யாரும் பேசவில்லை. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருக்கிற பெண்ணுக்கு அது இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். சிவப்பணு சீக்கிரம் உடைகிற ஜி6பிடி குறைபாடு உள்ளவருக்குக் குறைவாகக் காட்டும். நம் ஊரில் ரத்தசோகை எவ்வளவு பேருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சி-பெப்டைடு இன்னும் வம்பு. கணையத்தில் இன்சுலின் உருவாகும்போது அதோடு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வெட்டுப்பட்டு வெளியே வரும் துண்டு அது. இன்சுலினில் பாதியை ஈரலே பிடித்து வைத்துக்கொள்ளும், இதை விட்டுவிடும், ஊசி போடுகிறவர்களுக்கும் ஊசி மருந்தில் சி-பெப்டைடு இல்லாததால் குழப்பம் வராது, அதனால்தான் இதை அளக்கிறோம். ஆனால் சாதாரணக் குழாயில் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அளவு இறங்கிக்கொண்டே போகும். உடனே சுற்றிப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும், இல்லை ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் எடுத்தால் ஒரு நாள் தாங்கும். கிளைகளில் காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தம் பைக்கில் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். சித்திரை மாதம் அது. அந்த ஆள் கம்ப்யூட்டரில் எந்தக் குழுவுக்குப் போவார்? இன்சுலின் சுரக்காதவர் குழுவுக்கு.

கிட்னி கெட்டவருக்கு இது தலைகீழ். சி-பெப்டைடைக் கழிப்பதே கிட்னிதான். அது வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் தேங்கி, நிறையச் சுரக்கிறது போலத் தோன்றும்.


வைகைக்கரை | புதன், மதியம் 2.05

செல்வி அக்கா, இதை எந்தக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை. ஆபீசில் நாங்கள் டேட்டா சரியா என்று பார்ப்பது வெற்றிடம் இருக்கிறதா, மைனஸ் எண் இருக்கிறதா என்பதோடு சரி. பைக்கில் வெயில் பட்ட எண்ணை எந்தப் புரோகிராம் பிடிக்கும்?


ஜீனோம் குமரன் | புதன், இரவு 9.50

பிடிக்காது. அக்கா சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய காயம் திறந்துகொண்டது, சொல்லிவிடுகிறேன்.

பிஎச்டி இரண்டாம் வருடம். ஒரு மருத்துவமனையின் சர்க்கரை நோயாளிகள் டேட்டா கைக்கு வந்தது, சுமார் மூவாயிரம் பேர், பெயர் எல்லாம் நீக்கியது. சுவீடன் முறையிலேயே ஓட்டினேன். ஐந்தாவதாக ஒரு குழு வந்தது, எந்தக் கட்டுரையிலும் இல்லாதது. சி-பெப்டைடு படுபாதாளம், ஆனால் எச்பிஏ1சி 7.5 பக்கம்தான், உடம்பும் சராசரி. இன்சுலினே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிற மனிதர்கள்! எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. சில்லவெட் பார்த்தேன், பிரமாதம். டேட்டாவில் ஒரு பகுதியை மட்டும் மாற்றி மாற்றி எடுத்து ஓட்டி, குழு கலையாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். மற்ற குழுக்கள் ஆடின, என்னுடைய புதுக்குழு பாறை மாதிரி நின்றது. கைடிடம் காட்டினேன், அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைப்புகூட யோசித்துவிட்டோம்.

மூன்றாவது வாரம் அட்டவணையைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தபோது கவனித்தேன், அந்தக் குழுவில் இருந்த எல்லோருடைய பதிவு எண்ணும் ஒரே இரண்டு எழுத்தில் ஆரம்பித்தது. ஒரே கிளை. போன் போட்டுக் கேட்டால், அந்தக் கிளையில் நடுவில் மெஷின் மாற்றியிருக்கிறார்கள், பழைய மெஷின் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்று கொடுக்கும், புதியது லிட்டருக்கு எத்தனை நானோமோல் என்று. மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு 0.33 நானோமோல். மெஷின் மாறிய தேதிக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருடைய சி-பெப்டைடும் மூன்றில் ஒன்றாகிவிட்டது. நான் கண்டுபிடித்த புது நோய் ஒரு மெஷின்.

கொடுமை என்னவென்றால், நிலைத்தன்மைச் சோதனையில் அது முதல் மார்க் வாங்கியதே அது தவறு என்பதால்தான். நிஜ மனிதர்கள் கலங்கலாகத்தான் இருப்பார்கள், அலகுப் பிழைதான் கத்தி வெட்டியது போலச் சுத்தமாகப் பிரியும். அன்றிலிருந்து ரொம்ப அழகான குழு வந்தால் முதலில் பயப்படுகிறேன்.

(இந்தத் துறைக்கு இது புதிதும் இல்லை. எக்செல் 'செப்ட்2' என்ற மரபணுப் பெயரைச் செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும். எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இப்படிப் பிழை இருப்பதாக 2016இல் எண்ணிக் காட்டினார்கள். கடைசியில் 2020 வாக்கில் மென்பொருளைத் திருத்த முடியாமல் மரபணுக்களுக்கே பெயர் மாற்றினார்கள், செப்ட்2 இப்போது செப்டின்2. மனித மரபணுவை எக்செலுக்காக வளைத்தோம் என்று எங்கள் லேபில் சொல்லிச் சிரிப்போம்.)


தாலுகா டாக்டர் | வியாழன், காலை 6.30

ஓ.பி. தொடங்கும் முன் கொஞ்ச நேரம் கிடைத்தது. குமரன் தம்பி சொன்னது போல எத்தனை பிழை வெளியே தெரியாமலே அச்சாகியிருக்குமோ.

என் சண்டை வேறு. குழுக்கள் உண்மையா என்று நீங்கள் கேட்கிறீர்கள், நான் கேட்பது அதை வைத்து நான் என்ன செய்ய வேண்டும் என்று. என் முன்னால் ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்சம் பேர். குழுவைக் கண்டுபிடிக்க சி-பெப்டைடு இரண்டு தடவை வேண்டும், அதற்கான காசில் இந்த ஊரில் இரண்டு மாத மாத்திரை வாங்கலாம்.

2019இல் இங்கிலாந்தின் எக்ஸ்டர் ஆட்கள் இதைத்தான் சோதித்தார்கள். ஏற்கெனவே நடந்து முடிந்த இரண்டு பெரிய மருந்துச் சோதனைகளின் டேட்டாவில் சுவீடன் குழுக்களை உண்டாக்கினார்கள். குழுக்கள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் யாருக்குச் சர்க்கரை வேகமாக ஏறும் என்று சொல்ல, நோய் தெரிந்தபோது வயது என்ன என்கிற ஒரே கேள்வி குழுவுக்கு இணையாக வேலை செய்தது. கிட்னி கெடுமா என்று சொல்ல ஆரம்பத்தில் எடுத்த கிட்னி அளவே குழுவைவிட மேல். எந்த மாத்திரை யாருக்குக் கேட்கும் என்பதிலும் அப்படியே, வயது, ஆணா பெண்ணா, பிஎம்ஐ இவற்றை எண்ணாகவே போட்டுக் கணக்கிட்டால் பெட்டியில் அடைத்ததைவிட நன்றாக வந்தது. பிஎம்ஐ 24.9 ஒரு பெட்டி, 25.1 இன்னொரு பெட்டி என்று அடைக்கும்போது கையில் இருந்த தகவலைத்தானே தொலைக்கிறோம்?

இன்னொன்று. சென்னை ஆய்வில் இருந்தது யார்? கிளினிக் வரை வந்து காசு கட்டி ரத்தம் கொடுத்தவர்கள். வராதவன் எந்தக் குழு? வயிறு ஒட்டிப்போய், எலும்பும் தோலுமாக, இருபத்தைந்து வயதில் சர்க்கரை 400 என்று வரும் கூலிக்காரப் பையன்களை எனக்குத் தெரியும். டைப் 1 என்று சொல்லலாம் என்றால் இன்சுலின் ஊசி இல்லாமலும் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) வராது, டைப் 2 என்று சொல்ல உடம்பில் கொழுப்பே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1985இல் இதற்கு ஊட்டச்சத்துக் குறைவால் வரும் நீரிழிவு என்று ஒரு பெயர் வைத்தது, 1999இல் ஆதாரம் போதாது என்று எடுத்துவிட்டது. அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் இவர்களுக்குப் பெயரே இல்லை. 2022இல் வேலூர் சிஎம்சி டாக்டர்களும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து சிலரை மட்டும் படுக்க வைத்து, இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றி நுணுக்கமாக அளந்து, இன்சுலின் எதிர்ப்பு இல்லை, சுரப்புக் குறைவுதான் நோய் என்று காட்டினார்கள். 2025இல் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை டைப் 5 என்று ஏற்றுக்கொண்டது. பத்தொன்பதாயிரம் பேர் டேட்டா அதைத் தனியாகக் காட்டவில்லை, விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரைப் பொறுமையாக அளந்தது காட்டியது.

வைகைக்கரை தம்பி, அப்பா விஷயம். குழு எல்லாம் அப்புறம். ஒல்லி, வேகமாக ஏறுகிறது, மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை என்றால் அவர் பார்க்கும் டாக்டரிடம் காட் ஆன்டிபாடியும் சி-பெப்டைடும் பார்க்கலாமா என்று கேளுங்கள். சில பேருக்கு வயதான பிறகு மெதுவாக வரும் டைப் 1 இருக்கும், டைப் 2 என்றே மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். நீங்களாக மாத்திரையில் கை வைக்காதீர்கள்.


சராசரிக்கு மேலே | வியாழன், இரவு 8.40

டாக்டர் சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் உடன்பாடு, ஒரு இடத்தில் மட்டும் நியாயம் பேச வேண்டும். சென்னை ஆட்கள் கிளினிக்கோடு நிற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) வீடு வீடாகப் போய் எடுத்த 'இந்தியாப்' (INDIAB) என்ற ஆய்விலிருந்து 2,204 பேரை எடுத்து அங்கேயும் அதே நான்கு வருகிறதா என்று பார்த்தார்கள், வந்தது. 2023இல் இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை என்று செய்தி வந்ததே, அந்த எண்ணைக் கொடுத்த அதே ஆய்வுதான். ஆனால் நீங்கள் சொல்லும் பையன்கள் அதிலும் ரொம்பக் குறைவாகத்தான் இருப்பார்கள், அரிதான குழுவை கே-மீன்ஸ் பக்கத்துப் பெரிய குழுவுக்குள் கரைத்துவிடும், அது அதன் குணம். அதனால் உங்கள் முடிவு நிற்கிறது.

எக்ஸ்டர் பற்றி: ஒரு தனி ஆளுக்கு என்ன ஆகும் என்று ஊகிப்பதற்குப் பெட்டி மோசம்தான். ஆனால் எதனால் ஆகிறது என்று தேடுகிறவனுக்குப் பெட்டி உதவும்.


ஜீனோம் குமரன் | வியாழன், இரவு 11.10

நான் அதையேதான் சொல்ல வந்தேன், மரபணுப் பக்கத்திலிருந்து.

2006இல் ஐஸ்லாந்தில் டிகோடு நிறுவனம் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவைப் பிடித்தது. டைப் 2 விஷயத்தில் இன்று வரை பொதுவாகக் காணப்படும் வகைகளில் அதுதான் பெரிய தலை, அதுவே ஒரு பிரதிக்கு ஆபத்தை ஏறத்தாழ 1.4 மடங்குதான் கூட்டும். 2024இல் வந்த ஆய்வில் 25 லட்சம் பேர், அதில் 4.28 லட்சம் சர்க்கரை நோயாளிகள், சர்க்கரையோடு தொடர்புள்ள 1,289 தனித்தனி மரபணுச் சமிக்ஞைகள். ஒவ்வொன்றும் கடுகளவு. பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும், இதை வைத்து என்ன செய்வது என்று தோன்றும்.

இங்கேதான் குழுவாக்கல் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஆட்களைப் பிரிக்காதே, மரபணு மாற்றங்களைப் பிரி. ஒவ்வொரு மாற்றமும் இடுப்பளவு, டிரைகிளிசரைடு, இன்சுலின், ஈரல் கொழுப்பு என்று வேறு எவற்றையெல்லாம் ஏற்றி இறக்குகிறது என்று ஒரு அட்டவணை போட்டு அதைக் குழுவாக்கு. 2018இல் பாஸ்டனில் 94 மாற்றங்களையும் 47 அளவுகளையும் வைத்து இப்படிச் செய்தபோது ஐந்து குழு வந்தது: இரண்டு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் பழுது. ஒன்று பருமன் வழி. ஒன்று, கொழுப்பை வைக்க வேண்டிய இடத்தில் வைக்கத் தெரியாத உடம்பு. ஒன்று ஈரல் வழி. 2024 ஆய்வில் எட்டாகப் பிரிந்தது.

முக்கியம் என்னவென்றால் பாஸ்டன் ஆய்வில் பயன்படுத்தியது கறாரான கே-மீன்ஸ் இல்லை. ஒரு மாற்றம் இரண்டு குழுவிலும் கால் வைக்கலாம். மனிதரும் அப்படித்தான், எல்லோரிடமும் எல்லா வழியிலும் கொஞ்சம் பழுது இருக்கும், எது தூக்கல் என்பதுதான் வித்தியாசம். சாம்பாரில் புளி தூக்கலா காரம் தூக்கலா என்று கேட்கலாம், இது புளிக்குழம்பா சாம்பாரா என்று எல்லாக் கிண்ணத்துக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. டாக்டர் சொல்கிற 24.9, 25.1 பிரச்சினையும் இதில் வராது.

அந்தக் கொழுப்பு வைக்கத் தெரியாத குழுவைப் பாருங்கள், அதில் இருக்கும் மாற்றங்கள் பிஎம்ஐயைக் கூட்டாமலேயே சர்க்கரையை வரவைப்பவை. யாஜ்னிக் படத்தில் நாம் பார்த்த விஷயம் மரபணு அட்டவணையிலிருந்து தானாக எழுந்து வருகிறது. இதை யாரும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சென்னையும் டண்டீயும் சேர்ந்து 2022இல் இன்னொன்றும் பார்த்தார்கள். ஒருவரிடம் இருக்கும் மரபணு மாற்றங்களைக் கூட்டி மதிப்பெண் போடும்போது, பீட்டா செல் வழியை மட்டும் தனியாக எடுத்துக் கூட்டினால் இளம் வயதில் சர்க்கரை வந்த இந்தியர்களுக்கு அது ஐரோப்பியர்களைவிடப் பலவீனம். ஒரே மொத்த மதிப்பெண்ணாகக் கூட்டியிருந்தால் இது எங்கே என்று தெரிந்திருக்காது. ஆனால் இந்த மதிப்பெண்கள் எல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியர் டேட்டாவில் செய்தவை. இரத்த அளவுகள், உயரம் போன்ற 17 விஷயங்களில் 2019இல் ஒப்பிட்டபோது தெற்காசியர்களிடம் துல்லியம் 37 சதவீதம் குறைவு, ஆப்பிரிக்கர்களிடம் 78 சதவீதம் குறைவு. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் மரபணு வரிசையைப் படித்து 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்திருக்கிறார்கள், அது கொஞ்சம் உதவும், ஆனால் வரிசை மட்டும் போதாது, அவர்களுக்கு யாராவது தொடர்ந்து இருபது வருடம் கண்ணையும் கிட்னியையும் பார்க்க வேண்டும்.


தாலுகா டாக்டர் | வெள்ளி, காலை 6.20

சாம்பார் உதாரணம் எனக்குப் புரிந்தது. மரபணு ஆட்கள் எழுதியதில் முதல் முறையாக ஒன்று புரிந்திருக்கிறது.

ஆனால் தம்பி, மரபணு பிறந்ததிலிருந்து மாறாது, அது உனக்கு வசதி. நான் பார்க்கும் அளவுகள் மாறும். இந்த வருடம் ஒருவர் பத்து கிலோ குறைத்தார் என்றால் பிஎம்ஐ மாறும், எச்பிஏ1சி மாறும், இன்சுலின் எதிர்ப்பு மாறும், உங்கள் கணக்கில் வேறு பெட்டிக்குத் தாவிவிடுவார். நோய் மாறிவிட்டதா? இல்லை, அவர் வாக்கிங் போனார்.


சராசரிக்கு மேலே | வெள்ளி, காலை 9.00

அதனால்தான் சுவீடனில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை மட்டும் எடுத்தார்கள், மாத்திரை ஆரம்பித்து எல்லாம் குழம்புவதற்கு முன்னால். ஏழு வருடம் மூன்று மாத்திரை சாப்பிட்டவரின் இன்றைய எண்ணை எடுத்து அந்த மையங்களோடு ஒப்பிடக் கூடாது. வைகைக்கரை, நீங்கள் இந்நேரம் அப்பாவின் எண்களைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.


வைகைக்கரை | சனி, இரவு 9.15

சார், மாட்டிக்கொண்டேன். புதன்கிழமை ராத்திரியே போட்டுப் பார்த்தேன். எதை வைத்து என்று கேட்காதீர்கள், 2019இல் எடுத்த பழைய ஃபைலிலிருந்து பாதி, இப்போதையது பாதி. சுரப்புக் குறைந்த குழு என்று வந்தது. அப்பாவுக்கு 81 சதவீதம் பொருத்தம் என்று ஒரு எண் வேறு. அந்த 81ஐப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது, சி-பெப்டைடு இல்லாத இடத்தில் நான் சராசரியைப் போட்டு நிரப்பியிருந்தேன்.

நேற்று அப்பா அவருடைய டாக்டரிடம் போய்க் கேட்டார். அவர் மறுபேச்சு இல்லாமல் இரண்டு டெஸ்டும் எழுதிக் கொடுத்தார். காட் நெகட்டிவ். சி-பெப்டைடு 0.9. அது குறைவா நிறையவா?


சென்ட்ரிஃபியூஜ் செல்வி | சனி, இரவு 9.31

0.9 என்ன? நானோகிராமா நானோமோலா? நானோகிராம் என்றால் கீழ் ஓரத்தில் இருக்கிறார், நானோமோல் என்றால் தாராளமாகச் சுரக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இருக்கும், அதற்கும் பக்கத்தில் சாதாரண அளவு எதிலிருந்து எது வரை என்று போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள். ஊதா மூடிக் குழாயா என்றும் முடிந்தால் கேளுங்கள். கிட்னி அளவு, கிரியாட்டினின், எவ்வளவு?


வைகைக்கரை | சனி, இரவு 9.44

கிரியாட்டினின் 0.8 அக்கா. அலகுதான் தெரியவில்லை. அப்பா ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்பியிருக்கிறார், வலது ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் இருக்கிறது. போன் பண்ணினேன், தூங்கிவிட்டாராம். அம்மாவிடம் படிக்கச் சொன்னால் கண்ணாடி கிடைக்கவில்லை என்கிறார். காலை முதல் பஸ்ஸுக்கு ஊருக்குப் போகிறேன்.


ஜீனோம் குமரன் | சனி, இரவு 9.47

போனதும் முழுப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கள் அண்ணா. மெஷின் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்தால் அதையும்.